அருக்காணியை இழுங்க!

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. நாகலூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அருக்காணி சொன்னது. காப்பி எஸ்டேட்டில் வேலை. ஒரே நிபந்தனை போட்டாள்: "எழுதிக்கங்க. பேரை மட்டும் மாத்திப்போடாதீங்க."

மாற்றித்தான் பார்த்தேன். முதல் வரைவு:

"சேர்வராயன் மலையில் பனி கவிந்த ஒரு காலை, பார்வதி என்னும்..."

அந்த வரைவில் காப்பிக்கொட்டை முழுக்க நனைந்து முளைவிட்டது. கிழித்துப் போட்டேன்.

2

காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவி, சிமெண்டுக் களத்தில் காயப்போடுவார்கள். ஏற்காட்டு மழை சொல்லிவிட்டு வராது. [ஒருமுறை களத்தின் பாதியில் மட்டும் பெய்து, மறுபாதியில் நின்றவனிடம் வழி கேட்டது. நான் பார்த்தேன்.] ஆட்கள் ஓடிவந்து தார்ப்பாயைப் பிரித்து மூடுவதற்குள் பாதி நனைந்துவிடும்.

அப்போதுதான் அருக்காணியின் மனதில் மின்னல் வெட்டி... [அடித்துவிட்டேன். "மின்னலாம் மின்னலு! வருசக்கணக்கா ரோசனை பண்ணுனதுங்க" என்றாள் பஸ்ஸில்.]

ஓடாத ஜீப்பின் ஸ்டீயரிங்கைக் கழற்றி ஓர் இரும்புக் குழாயில் மாட்டினாள். அதைச் சுற்றினால் குழாயில் கயிறு சுற்றும். எதிர்முனையில் சுருட்டிக் கிடக்கும் தார்ப்பாய் களத்தின் மேல் விரிந்து வரும். ஒரே ஆள் போதும். ஆட்கள் அதற்கு அவள் பேரையே வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து தூறல் விழுந்தால் களமே கத்தியது: "அருக்காணியை இழுங்க!"

"நான் இழுத்தா வர மாட்டீங்கறா, நீங்களாச்சும் இழுங்க" என்பான் அவள் புருசன் காளியப்பன்.

அவளுக்கோ ஒவ்வொரு கூச்சலுக்கும் ஓர் அங்குலம் உயரம் கூடியது.

3

மேனேஜர் தேவசிகாமணி ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'தேவசிகாமணி விரிப்பான்.' பக்கத்து எஸ்டேட்காரர்கள் பார்க்க வருகிறார்களாம்.

"ஏனுங்க சார், அது நான் செஞ்சதுங்க."

"குழாய் யாருது? ஜீப் யாருது? சம்பளம் யார் தர்றது? இங்க வேலை செய்யறப்ப உன் தலையில தோணறதும் எஸ்டேட்டுதும்மா."

"அப்ப தலையில இருக்கற பேனும் எஸ்டேட்டுதுங்களா? புடிச்சு ஆபீஸ்ல ஒப்படைச்சறட்டுங்களா?"

களம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "இனிமே அந்தப் பேரை எவனாச்சும் சொன்னா வேலை கிடையாது. உனக்கும்தான்."

[அவரைக் கொடியவராக்க முயன்றேன், ஒத்துழைக்கவில்லை. நல்ல மனிதர். வேலையாட்களுக்கும் ஏதாவது தோன்றும் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.]

4

விருந்தாளிகள் வந்தார்கள். பலகையடியில் நின்று, தமக்கு அந்த யோசனை உதித்த விதத்தை மேனேஜர் விளக்கினார். மழையும் கேட்க வந்தது.

வேலை போய்விடுமே என்று ஒருவரும் அந்தப் பேரைச் சொல்லிக் கத்தவில்லை. அருக்காணி ஸ்டீயரிங் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொட்டை அவள் கண்ணெதிரே நனைந்தது. ஆனாலும் அசையவில்லை.

"ஏய், அந்த... தேவ... விரி..." மேனேஜருக்குத் தம் பெயரே வாயில் வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்: "அருக்காணியை இழுங்கடா!"

அந்தக் கத்தலுக்கு சேலத்தில் மழையென்று கொடியில் காய்ந்த துணியை எடுத்தார்கள் என்பது மிகை. அடிவாரத்தில் எடுத்தார்கள்.

மலைப்பாதையில் பஸ் திருப்புகிறவளைப் போல அவள் சுற்றினாள். தார்ப்பாய் ஓடிவந்தது.

"அருக்காணிங்கறது யாருங்க?" என்றார் ஒரு விருந்தாளி.

"நாந்தானுங்க" என்றாள், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

5

முடிவு ஒன்று: பலகையில் அவள் பெயரை எழுதினார்கள். (இனிக்கிறது, அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இரண்டு: வேலை போய், அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு... மாட்டேன், இதை எழுத மாட்டேன்.

"கடைசியில பலகையில யார் பேருங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நனையற நேரத்துல பலகையப் படிச்சுக்கிட்டா நிப்பீங்க?" என்றபடி இறங்கிப்போனாள்.

ஆகவே மிச்சம் உங்கள் பொறுப்பு. மேகம் இறங்கிவிட்டது. களம் நிறையக் கொட்டை. அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பலகை பனியில் தெரியவில்லை. மேனேஜர் உங்களையே பார்க்கிறார்.

முதல் துளி விழுகிறது. சத்தமாகக் கூப்பிடுங்கள்.