பட்டன் டயர்

பின்சக்கரம் இரண்டும் புதுசாக மாட்டப்பட்டு, முன்சக்கரம் இரண்டும் கழற்றப்பட்டு, ஜீப் ஜாக்கியின் மேல் நின்றுகொண்டிருந்தது. கம்பம் ஊரில் பொன்னுராஜின் டயர் கடை அது. காலையில் அந்த ஜீப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த தவசி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டார். உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைக் கிடத்திவிட்டு, மகன் விஜயபாண்டி வண்டிக்காகத் திரும்பவும் கடைக்கு வந்து நின்றான்.

"எத மாட்டட்டும் பாண்டி?" என்றார் பொன்னுராஜ். கேட்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அம்மாவைக் கூட்டி வர வேண்டும். ராஜாத்தி மலை மேல் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மழை பிடித்தால் அந்த லைன் ஊமையாகிவிடும். ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் எல்லாம் மேலேயே கிடந்தன. காய் எடை போட்டு அவை இறங்கி வருவதற்குள் இருட்டிவிடும். நாளைக்குச் சனிக்கிழமை, அதுவரை போட்டு வைக்கக் கூடாது, இன்றைக்கே ஐந்து மணிக்கு எடுத்தாக வேண்டும் என்று சித்தப்பா கறாராகச் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் கடைசியாக அவர் முகத்தைப் பார்க்காமல் போனால், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பது?

புதுசா, பழசா? இந்த டயர் விவகாரம் இரண்டு மாதமாகவே வீட்டைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஜீப் தினமும் ஓடுகிற வண்டி. மெட்டு வரைக்கும் தார் ரோடு, அதைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்தால் வெறும் சேறு. காலையில் ஒரு டயர், மாலையில் ஒரு டயர் என்று மாற்றிக்கொண்டா இருக்க முடியும்? அதனால் தோட்டத்துக்குப் போகிற ஜீப் எல்லாவற்றிலும் ஒல்லியான பட்டன் டயர்தான். கட்டை கட்டையாகப் பல் வைத்திருக்கும். சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அடித்தரையைப் பிடித்துவிடும். என்ன, ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். தவசிக்கோ அகலமான டயர் மேல் கண், அதுவும் வெள்ளை டிஸ்க் சக்கரத்தோடு. ஸ்டாண்டில் அகல டயர் போட்ட வண்டி எது வந்தாலும் சக்கரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து, பல்லுக்குள் விரலை விட்டு நோண்டி, ஓட்டுகிறவனை நச்சரித்து எடுத்தார். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அரை மணி நேரத்தில் தலையாட்டிவிட்டு எழுந்து வந்த மனுஷன்தான் அவர்.

இந்த வயதில் மைனர் மாதிரி வண்டி கேட்குதாக்கும் என்று விஜயபாண்டி கேலி பண்ணினான். அகல டயர் சேற்றில் மிதக்கும், பிடிக்காது, ஸ்டியரிங் கனக்கும் என்று சாப்பிடும்போதெல்லாம் மல்லுக்கு நின்றான். ஒனக்குத் தெரியாதுடா என்பார் தவசி, சோற்றைப் பிசைவார், அவ்வளவுதான்.

விஜயபாண்டி மலைப் பக்கம் பார்த்தான். மேகம் மெட்டை முழுங்கியிருந்தது. மேலே என்ன மழை பெய்கிறதோ, பாதை என்ன கோலத்தில் கிடக்கிறதோ.

"பழசயே மாட்டுண்ணே. நாலும் பழசு."

பொன்னுராஜ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். "ரெண்டு மாட்டினதும் ஒங்கப்பா எந்திரிச்சு அந்தாக்குல நின்னு பாத்தாக..." என்று ஆரம்பித்தவர், குனிந்து நட்டைக் கழற்றத் தொடங்கினார். புதுச் சக்கரம் இரண்டையும் விஜயபாண்டியே உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாத்தினான். அப்பாவின் மேல் கோபமாக வந்தது அவனுக்கு. ஒரு வாரம் கழித்து மாட்டியிருந்தால் வண்டி இந்நேரம் மேலே போய் வந்திருக்கும்.

மலை ஏறும்போது அவன் மணி பார்த்த மாதிரி வாழ்க்கையில் எப்போதும் பார்த்ததில்லை. வளைவில் லாரி ஒன்று மறித்துக்கொண்டு ஊர்ந்தது. ஹாரனை அமுக்கிப் பிடித்தான், திட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். தோட்டத்துப் பாதையில் சேறு அச்சைத் தொட்டது. வண்டி இடமும் வலமுமாக அலைந்து, பல் கடித்து, ஏறிவிட்டது. பழசை மாட்டியது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தான். அப்படி நினைத்ததே பிடிக்கவில்லை.

ராஜாத்தி தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு செடிக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். மகனைப் பார்க்கவில்லை. அவள் கண் நேராகச் சக்கரத்துக்குப் போயிற்று. முன்சக்கரத்தைப் பார்த்தாள், சுற்றி வந்து பின்சக்கரத்தையும் பார்த்தாள்.

சாவுச் செய்தி கொண்டுபோகிறவன் செத்துப்போனதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். முடியவில்லை என்றுதான் சொல்லிக் கூட்டி வருவான். விஜயபாண்டியும் அப்படித்தான் சொன்னான். அப்பாவுக்கு லேசா மயக்கம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு, குளுக்கோஸ் ஏறுது, உன்னைக் கேட்டாக என்று மடமடவென்று ஒப்பித்தான். அவள் எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கவில்லை. மடியில் இருந்த காயைப் பக்கத்தில் நின்றவளின் கூடையில் கொட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, போன வருஷம் வழுக்கி விழுந்ததிலிருந்து ஏறுகிற மாதிரியே மெல்ல முன்சீட்டில் ஏறினாள்.

ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போட, பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள்.

"நேத்துத்தான் நான் சரின்னேன்" என்றாள் திடீரென்று. "அகலமானதப் போட்டா ஒனக்கு இடுப்பு அதிராது ராஜாத்தின்னு தெனமும் ஒரே பாட்டு. எனக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்னு நாந்தான் தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தேன். நேத்து, சரி போடுங்கன்னுட்டேன். சாயங்காலம் நீ வேற வண்டியில ஏறாத, புது டயரோட நானே வந்து கூட்டிட்டு வாரேன்னாக."

இரண்டு மாதம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னென்ன கேலி பண்ணியிருப்பான் விஜயபாண்டி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன். பெண்டாட்டியின் இடுப்பு வலியை வயதுவந்த மகனிடம் சொல்ல வெட்கப்பட்டாரோ என்னவோ.

"அவுக உசுரோட இருந்தா இந்த டயர்ல நீ வந்திருக்க மாட்டடா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "எத்தன மணிக்கு எடுக்காக?"

"அஞ்சு மணிக்கும்மா."

முன்னால் பெரிய பள்ளம். அவன் பிரேக்கில் கால் வைத்து வண்டியை ஒதுக்கப் பார்த்தான்.

"இடுப்பப் பாக்காத. ஓட்டு."

காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தான். வண்டி விழுந்து எழுந்தது. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தார் ரோட்டில் ஏறியதும் பட்டன் டயர் ஊளையிட ஆரம்பித்தது. வேகம் கூடக்கூட அந்த இரைச்சல் வண்டி முழுக்க நிறைந்துவிட்டது. அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். எதையோ சொன்னாள், அவனிடமா, வேறு யாரிடமா தெரியவில்லை. வாய் அசைவதும் நெஞ்சு குலுங்குவதும் மட்டும்தான் தெரிந்தது. காதில் விழ வேண்டுமென்றால் மெதுவாகப் போக வேண்டும். அவன் மெதுவாகப் போகவில்லை.