ஆட்டுக்கு வந்த அழைப்பு

தாமிரபரணி வெள்ளம் தெருவுக்குள் புகுந்ததும் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வேதமுத்து வீட்டு மாடியில் ஏறிவிட்டது. கூப்பிட்டது அவர் மனைவி சாரம்மாள். எல்லோரையும் கூப்பிட்டவள் எதிர்வீட்டு ஐயம்பெருமாளையும் கூப்பிட்டுத் தொலைத்தாள். அவரும் மனைவி தனலட்சுமியோடு, தோளில் ஆட்டைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

வேதமுத்துவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். ஐயம்பெருமாள் தன் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையைச் சாரம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த வேதமுத்துவை வாயால் அழைக்கவில்லை. போதாதா? குழம்பில் உப்பு குறைந்தால் பொறுத்துக்கொள்வார் மனுஷன், முறை குறைந்தால் மாட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. சாரம்மாளையும் விடவில்லை.

மதியம் மாடியில் பந்தி நடந்தது. ஐயம்பெருமாள் மட்டும் மூலையில், ஆட்டோடு.

"அண்ணாச்சி, சாப்பிட வாங்க," என்றாள் சாரம்மாள்.

"வீட்டுக்காரரு வாயைத் திறக்கலையே தாயி."

பழைய கணக்கைத் தீர்க்கிறான் என்று வேதமுத்துவுக்கு எரிந்தது. அதற்குள் தனலட்சுமி முணுமுணுத்தது காதில் விழுந்தது.

"காலையிலயே சர்க்கரை மாத்திரையப் போட்டுட்டாரு அக்கா. வெறும் வயிறு. கை நடுங்குது பாருங்க."

வேதமுத்து பார்த்தார். நடுங்கத்தான் செய்தது. நெற்றியில் வேர்வை வேறு. பயந்துபோனார். ஆனால் முதலில் இறங்கிப் போவதா? பேசாமலிருப்பவரிடம் பேச ஊரில் ஒரு வழி உண்டு. ஆட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பசிச்சா வந்து சாப்பிட வேண்டியதுதானே. இங்கன யாரு தடுக்கா?"

ஆடு உடனே எழுந்து வந்தது. காலியாக இருந்த இடத்து இலையில் சோற்றைத் தின்றது, கூட்டைத் தின்றது, பிறகு இலையையும் தின்றது.

"நல்லாத் தின்னு," என்றார் ஐயம்பெருமாள். "உன்னையாவது கூப்பிட்டாவல்லா."

பந்தியே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

வேதமுத்து எச்சில் கையோடு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது.

"வே ஐயம்பெருமாளு, உம்மத்தான் கூப்பிடுதேன். சாப்பிட வாரும்."

சாரம்மாள் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து, பைய எழுந்து, வேதமுத்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் ஐயம்பெருமாள். கை கழுவியதும் தொண்டையைக் கனைத்தார்.

"இளையவளுக்குத் தையில கல்யாணம். பத்திரிகையெல்லாம் வெள்ளத்தோட போயிட்டு. வாயாலதான் கூப்பிடுதேன், வந்துரும்."

வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாரம்மா, கேட்டியா? என்னையத்தான் கூப்பிடுதாவ."