பிரித்துவிட்ட தையல்

கணவர் பேருந்து ஓட்டப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் தையற்காரி அந்த வேலையைச் செய்வாள். அவருடைய சீருடைப் பேன்ட்டைப் புரட்டிப் போட்டு, இடுப்பின் பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் துணியில் கொஞ்சம் வெளியே விட்டு மறுபடி தைத்துவிடுவாள். பழைய தையலின் தடம் தெரியாமல் இஸ்திரி போட்டு மாட்டிவிட்டால் ஆண்டவனுக்கே தெரியாது. உள்ளே விட்ட துணி தீர்ந்துபோனால், அதே நிறத்தில் புதிதாக ஒன்றைத் தைத்துச் சத்தமில்லாமல் கொக்கியில் தொங்கவிடுவாள்.

கல்யாணமான புதிதில் அவருக்கு லேசாகத் தொப்பை விழுந்தபோது, வீட்டுக்கு வந்த சித்தப்பா ஒருவர் நாலு பேர் முன்னால் அதைத் தட்டி, "எத்தனை மாசம்?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. வாடிப்போன அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. மறுநாளே ஊசியை எடுத்துவிட்டாள்.

அதன் பலன், டிப்போவில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். "கல்யாணத்தப்போ எடுத்த அளவுய்யா, இன்னைக்கு வரைக்கும் அதே அளவுதான்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டுவார். பார்க்கிறவர்களுக்குக் கண் இல்லாமலா? இருந்தது. ஆனாலும் "நல்லா பூசுன மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கெதற்கு வம்பு என்கிற நல்லெண்ணம்தான்.

பிறகு தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் தொண்டை காய்ந்தது. ஒரு ட்ரிப் முடிவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓட வேண்டியிருந்தது. வலது பாதத்தில் செருப்பு கடித்த புண் ஆறுவேனா என்றது. அது பிரேக் மிதிக்கிற கால். அவள்தான் விடாப்பிடியாக அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சுகர் வந்திருக்கு. டைப் டூ. எடையும் ரொம்பக் கூடியிருக்கு."

"எனக்கா? மொதல்ல உங்க எடை மெஷினைப் பாருங்க டாக்டர். கல்யாணத்துலேருந்து ஒரே அளவு பேன்ட்தான் போடுறேன். எங்கப்பாவுக்குச் சுகர் இருந்துச்சு, எனக்கும் வந்திருக்கு. தலையெழுத்து."

"அப்பாவுக்கு இருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்தான். ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருது. ஆனா வயித்தைச் சுத்திக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அது பேச்சைச் சரியாக் கேக்கிறதில்ல. சர்க்கரை ரத்தத்துலயே தங்கிடுது. எடையைக் குறைச்சா சர்க்கரையும் நல்லா இறங்கும்."

"ஏறாத எடையை எங்கேருந்து குறைக்கிறது?" அவர் எழுந்துவிட்டார். "மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா, போலாம்."

மருத்துவர் இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். தையற்காரி கை நீட்டினாள்.

"குடுங்க டாக்டர், நான் அளக்கிறேன்."

ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிறவள், கட்டியவரின் இடுப்பில் மட்டும் இத்தனை வருடம் நாடாவைச் சுற்றியதில்லை. சுற்றினால் உண்மை தெரிந்துவிடும் என்ற பயம். இப்போது சுற்றினாள்.

"நாப்பத்தாறு."

"முப்பத்திரண்டுன்னு சொல்லு."

"அது கல்யாணத்தப்போங்க. நான்தான் தையலைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டேன். துணி பத்தலேன்னா புதுசு தச்சு மாட்டினேன். நீங்க மனசு நொந்துடக் கூடாதுன்னு..." அவள் அழுதுவிட்டாள்.

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். "என்னைக் கோமாளி ஆக்கிட்டியேடி! டிப்போவுல எல்லார்கிட்டயும் தட்டித் தட்டிக் காட்டினேனே!"

மருத்துவர் குனிந்து அவருடைய வலது பாதத்தைப் பார்த்தார்.

"இங்க தொடுறது தெரியுதா?"

"எங்க? தொடுங்க, சொல்றேன்."

"தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவருடைய கோபம் அப்படியே அடங்கிவிட்டது. குனிந்து பார்த்தார். மருத்துவரின் விரல் அவருடைய கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "டாக்டர், நான் இனிமே வண்டி ஓட்ட முடியுமா?"

"சுகரால உங்க கால் மரத்துப்போயிருக்கு, அது சரியாகிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க, எடையைக் குறைங்க, புண்ணை விடாம வந்து காட்டுங்க. முயற்சி பண்ணலாம். இன்னும் கொஞ்ச நாள் பேன்ட்டையே நம்பிக்கிட்டு இருந்தீங்கன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மருந்துச் சீட்டை அவரே கை நீட்டி வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் அவள், "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நீ துணியைத்தான் பிரிச்சே. படியேறினா மூச்சு வாங்குறது எனக்குத் தெரியாதா? குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலேன்னு தெரியாதா? தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டேன்." கொஞ்சம் நின்று, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. எடை ஏறினா கூட இருக்கிறவங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். பிரியம்னா அதுதான். நீ சொல்லியிருந்தா ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருப்பேன். சொல்லாம விட்டதுல, என் கால் எனக்கே தெரியாமப் போச்சு."