சகலையைக் கூப்பிடாமல்

லிஃப்ட்காரருக்கு இந்த வயிற்றெரிச்சல் புதிதல்ல. மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாகி, சகலை என்று ஒருவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்தே இருக்கிறது. ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவது இவர் புண்ணியத்தில். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே இவர் குரல் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில், கம்ப்யூட்டர் லேசாக மக்கர் பண்ணினால் போதும், மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்: "தங்கச்சி வீட்டுக்காரரை வரச் சொல்லட்டுமா?"

சொல்லட்டுமாவாம். கேட்பதற்குள் போன் காதில் இருக்கும்.

சகலை ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவன். தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவான். அவள் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் நாற்காலியில் சாய்ந்து விரல்களைச் சொடக்கெடுத்து, "என்ன அண்ணி, மறுபடியும் படுத்துக்கிச்சா?" என்பான். எதையோ தட்டுவான், ஓட ஆரம்பித்துவிடும். "இதெல்லாம் ஸ்பானர் வேலை இல்லண்ணே" என்று இவரைப் பார்த்து ஒரு இளிப்பு வேறு. மனைவி காபியோடு வந்து, "உங்க கைராசியே ராசி" என்பாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் தன்னைப் பார்த்து ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாளா? அன்றைக்கு ராத்திரி இவருக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் அந்த விடுமுறை நாளில், மனைவி போட்டோ ஸ்டூடியோவுக்குக் கிளம்பிய கையோடு, லிஃப்ட்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவள் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம், அவ்வளவு மெதுவான பழைய டிஸ்க். விஷயம் தெரிந்த நாலு பேரிடம் விசாரித்து, எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் ஒன்றை ரகசியமாக வாங்கி வைத்திருந்தார். விரல் நீளத்தில் ஒரு சின்னப் பலகை. இதை மாட்டிப் பழையதில் உள்ளதை எல்லாம் இதற்கு மாற்றிவிட்டால் கம்ப்யூட்டர் பறக்கும். படுக்கவே படுக்காது. அப்புறம் சகலைக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

பலகையைச் செருகினார், திருகினார், மூடினார், பட்டனை அமுக்கினார்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி, துவங்குவதற்கான டிஸ்க் எதுவும் இல்லை என்று.

"இல்லையா? ஒண்ணுக்கு ரெண்டா இருக்கேடா பாவி!" என்று கத்திவிட்டார்.

மறுபடி போட்டார். அதே வரி. அமைப்புகள் பக்கத்துக்குள் நுழைந்து பார்த்தார். புது டிஸ்க் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பழையதைத்தான் காணோம். அதற்குள்தான் முக்கால்வாசி முடிந்த ஆல்பம் இருக்கிறது. ஒரு மணப்பெண்ணின் சிரிப்பு, அவள் அப்பாவின் அழுகை எல்லாம் அதில்தான். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். வேறு ஒயர் போட்டார். ம்ஹூம்.

விரல் தானாகப் போனுக்குப் போனது. சகலையின் பேரைத் தேடிப்பிடித்துவிட்டது. ஆனால் அந்த இளிப்பு கண்முன்னே வந்து நின்றது. 'நீங்க ஏண்ணே இதுல எல்லாம் கை வைக்கறீங்க?' என்பான். அதுவும் மனைவியின் எதிரில் என்பான். செத்தாலும் சரி, கூப்பிடுவதில்லை என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தார். லிஃப்ட் நின்றால் முதலில் என்ன செய்வோம்? கடைசியாக எதைத் தொட்டோமோ அதை எடுத்துவிட்டுப் பார்ப்போம். புதுப் பலகையைக் கழற்றினார். பழைய டிஸ்க் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. 'அப்பாடா' என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். பலகையை மாட்டினார். பழையது மறைந்தது. கழற்றினார், வந்தது.

அப்படியானால் பழையதற்கு நோய் நொடி எதுவுமில்லை. புதியது வந்து அதன் வழியைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ளே ஒரே பாதை போலிருக்கிறது. நேற்று வந்தவனுக்கு வழி விட்டுப் பழையவன் ஒதுங்கி நிற்க வேண்டுமாம்! இந்தக் கொடுமை கம்ப்யூட்டருக்குள்ளும் உண்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய டிஸ்கின் ஒயரைப் பக்கத்தில் காலியாக இருந்த வேறொரு துளையில் மாட்டிப் பார்த்தார்.

இரண்டும் தெரிந்தன. லிஃப்ட்காரர் எழுந்து ஒரு குத்தாட்டமே போட்டுவிட்டார். நல்லவேளை, பார்க்க ஆளில்லை. எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றி, இனி இதிலிருந்துதான் துவங்க வேண்டும் என்று அமைப்பில் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்.

மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இழுத்துப்போய் உட்கார வைத்தார். பட்டனை அமுக்கினார். கண் சிமிட்டுவதற்குள் திரை வந்து, ஆல்பம் திறந்தது.

"அட! யாருங்க பண்ணினது?"

"யாரா? நான்தான். யாரையும் கூப்பிடல."

"நிஜமாவா?" என்று சிரித்தாள். பக்கங்களை வேகமாகப் புரட்டினாள். பிறகு கை மெதுவாக நின்றது. "இனிமே படுக்காதா?"

"படுக்கவே படுக்காது!"

"அப்ப ரிப்பேர்னு ஒண்ணு வராதா?"

"உன் தங்கச்சி புருஷன் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க வேண்டிய அவசியமே இல்ல. போதுமா?"

கைராசி என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவளோ முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷக் கண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தார். பாவம்.

"இனிமே என்ன சொல்லி அவளை வரவழைப்பேன்?" என்றாள்.

"எவளை?"

"என் தங்கச்சியைத்தாங்க. அக்காவைப் பாக்கணும்னு கேட்டா அவர் விடுவாரா? போன மாசம்தானே பாத்தேன்னு ஆயிரம் கேள்வி. நான் அங்க போனா அவ மாமியார் எங்க நடுவுல வந்து உக்காந்துக்குவாங்க. நீங்க இல்லன்னா முடியாதுன்னு சொல்லிட்டா மட்டும் மனுஷன் குளிர்ந்துபோய் அவளையும் வண்டியில ஏத்திட்டுக் கிளம்பிடுவார். அவ மனசுவிட்டுப் பேசறது நம்ம அடுப்படியில மட்டும்தாங்க. போன தடவை கேபிளைப் பிடுங்கி விட்டதே நான்தான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, நேரா போய் அவர்கிட்ட சண்டை போட்டுட்டு வருவீங்க. அப்புறம் அவ வாசலைத் தாண்டவே முடியாது."

போட்டிருப்பார், வாஸ்தவம்தான். லிஃப்ட்காரர் கூடத்துக்குப் போனார். போனை எடுத்தார்.

"சகல, நான்தான். கம்ப்யூட்டரு படுத்துக்கிச்சு."

"நீங்க எதுலயாவது கை வச்சீங்களாண்ணே?" எதிர்முனையில் சிரிப்பு. "அது லிஃப்ட் இல்லண்ணே!"

காது இரண்டும் எரிந்தன. வாயில் வந்த பதிலை மென்று விழுங்கினார்.

"ஆமா சகல, எனக்கெங்க தெரியும்? நீங்க கை வச்சாத்தான் அது கேக்கும். வீட்லயும் கூட்டிட்டு வாங்க. வேலை முடிய நேரமாகும்."

போனை வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"தள்ளு. அந்த ஆளு சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றது? உங்க பேச்சு முடியற வரைக்கும் தாங்கற மாதிரி எதையாவது கெடுக்கணும்."