மூன்று கிளி மார்க்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் மனைவி வள்ளித்தாய்க்கு வீட்டில் கால் தரிக்காது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஆறு நாள் மருந்து நிரப்புகிறவள், ஏழாம் நாளாவது படுத்து உறங்குவாள் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. காலை ஆறு மணிக்கே தலைவாரிப் பூ வைத்து வாசலில் நிற்பாள். எங்கேயோ ஓர் ஊரில் பழைய சாமான் சந்தை கூடியிருக்கும். அங்கே அவளை என் பைக்கில் கொண்டுபோய் இறக்க வேண்டியது என் வேலை. நான் சங்கிலிமுத்து. திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறேன். ஞாயிறன்று மட்டும் சம்பளமில்லாத டிரைவர்.

மதுரை, அருப்புக்கோட்டை, காரைக்குடி என்று நாங்கள் ஏறி இறங்காத பழைய சாமான் கடை கிடையாது. மற்றவர்கள் அங்கே பித்தளைச் செம்பு, சுவர்க் கடிகாரம், கிராமபோன் என்று தேடுவார்கள். இவள் தேடுவது பழைய பட்டாசுப் பெட்டி லேபிள். வெடித்துத் தீர்ந்த பட்டாசின் பெட்டிக்குக் காசு கொடுக்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நீதான் என்று நான் கேலி செய்வேன். "நீங்க லேபிளை அடிச்சு அடிச்சு ஊரெல்லாம் அனுப்புறீக. ஒருத்தியாவது எடுத்து வைக்க வேண்டாமா?" என்பாள். நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

நாலு வருடமாக அவள் தேடியது மூன்று கிளி மார்க். ஒரு கிளையில் மூன்று கிளிகள் உட்கார்ந்திருக்கும். நடுக்கிளி மட்டும் பின்னால் திரும்பிப் பார்க்கும். அந்தக் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். ஒரு பழைய விலைப்பட்டியலில் கறுப்பு வெள்ளையில் கட்டை விரல் அளவுக்கு அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். கிளிகளுக்கு என்ன நிறம் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டே என் உயிரை வாங்கினாள். கிளி என்றால் பச்சைதானே என்றால், "உங்க அச்சாபீஸ்காரகளை நம்ப முடியாது" என்பாள்.

தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிறு. விருதுநகரில் ஒரு மைதானத்தில் சந்தை. நான் இட்லிக் கடையில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டதால் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. முத்துராமலிங்கம் என்ற வியாபாரி தார்ப்பாயில் சாமான்களைப் பரப்பியிருந்தான். அவன் முன்னால் அருள்பிரகாஷ் சார் நின்றார். விருதுநகரில் பள்ளிக்கூட வாத்தியார். வள்ளியைப் போலவே லேபிள் பைத்தியம். அவர் கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதன்மேல் மூன்று கிளிகள்.

இரண்டு கிளி சிவப்பு, நடுக்கிளி மஞ்சள்.

"நான் சொன்னேன்ல?" என்று வள்ளி என் கையைக் கிள்ளினாள். அடுத்த நொடியே அவள் முகம் வாடிவிட்டது. பொருளை முதலில் கையில் எடுத்தவர் வேண்டாம் என்று கீழே வைக்கும்வரை அடுத்தவர் விலை கேட்கக் கூடாது. சந்தையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. சார் கீழே வைக்கிற முகத்தோடு நிற்கவில்லை. வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் குடித்த சாம்பார் முழுவதும் இருந்தது.

"என்னப்பா, உள்ள என்னமோ உருளுதே?" என்று சார் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினார்.

"ஒரு பழைய மளிகைக் கடைப் பரண்ல கிடந்தது சார். ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு, பிரிக்கவே இல்லை" என்றான் முத்துராமலிங்கம்.

சார் சட்டைப்பையிலிருந்து பைக் சாவியை எடுத்து, மூடி ஒட்டியிருந்த ஓரத்தில் வைத்தார்.

"சார், அசையாதீக!"

வள்ளியின் அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "சாவியை எடுங்க. பெட்டியை ஆட்டாதீக, கீழயும் வைக்காதீக. உள்ள இருக்கிறது வெங்காய வெடி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள்.

வெங்காய வெடிக்குத் திரி கிடையாது. மருந்தோடு பொடிக்கல் சேர்த்துக் காகிதத்தில் உருண்டையாகச் சுற்றியிருப்பார்கள். தரையில் ஓங்கி எறிந்தால் வெடிக்கும். பழசாகிவிட்டால் எறியக்கூட வேண்டாம், ஒன்றோடொன்று உரசினாலே போதும்.

முத்துராமலிங்கம் சிரித்தான். "யக்கா, சார் முந்திக்கிட்டாருன்னு இப்படி ஒரு கதையா?"

சாரும் சிரித்தார். "உங்களுக்கு இது மேல எம்புட்டு ஆசைன்னு எனக்குத் தெரியும்க்கா. அதுக்காக இப்படிப் பயமுறுத்தலாமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. நல்ல லேபிளைக் கையில் வைத்துக்கொண்டே, 'இது என்னத்துக்கு ஆகும்' என்று உதட்டைப் பிதுக்கி விலையைப் பாதியாக்குகிறவள் அவள். இன்று சாமர்த்தியம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வள்ளி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். குனிந்து உள்ளங்கையால் மண்ணைத் தொட்டாள். ஆலையில் மருந்து அறைக்குள் போகும்போது செய்கிற காரியம் அது. உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கிவிட வேண்டும். அதைப் பார்த்ததும் என் சந்தேகம் போய்விட்டது. விளையாட்டுக்குக்கூட அவள் அதைச் செய்ய மாட்டாள்.

"ஏங்க, டீக்கடையில ரெண்டு குடம் தண்ணி வாங்கிட்டு வாங்க. அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. ஓடாதீக, வேகமா நடங்க."

நடந்தேன். திரும்பி வந்தபோது கூட்டத்தை முப்பது அடி தள்ளி நிறுத்தியிருந்தாள். பீடியோடு நின்ற ஒரு பெரியவரை அவள் திட்டிய திட்டில் அவர் பீடியை அணைத்து மடியில் கட்டிக்கொண்டார். நடுவில் சார் பெட்டியை ஏந்தியபடி நின்றார், கடையை விட்டு நகராத முத்துராமலிங்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரை ஊற்றினேன்.

"தண்ணியில போடப்போறீகளா?" சார் பதறிவிட்டார். "லேபிள் போயிருமேக்கா! தாள் இத்துப்போய் இருக்கு. ஓரத்தை மட்டும் மெதுவா பிரிச்சா…"

"பிரிக்கலாம் சார். ஈரத்துணியை வச்சுப் பொறுமையா உரிச்சா லேபிளை முழுசா எடுத்துருவேன். எனக்கு அந்தக் கை இருக்கு. ஆள் அரவம் இல்லாத இடமா இருந்தா செஞ்சும் பாத்திருப்பேன். இம்புட்டுப் பேரை வச்சுக்கிட்டுச் செய்ய மாட்டேன்."

அப்போதுதான் முத்துராமலிங்கத்தின் சிரிப்பு நின்றது. ஆசைக்காகப் பொய் சொல்கிறவள், ஆசைப்பட்ட பொருளையே தண்ணீரில் போடுவாளா? அவன் இரண்டடி பின்னால் போனான். பிறகு இன்னும் பத்தடி போனான்.

சாரின் கைக்கு அடியில் தன் இரு கைகளையும் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவரைப் போகச் சொன்னாள். என்னையும் போகச் சொன்னாள், நான் போகவில்லை. கிளிகளை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குவதுபோலப் பெட்டியைத் தண்ணீரில் இறக்கினாள். அது மிதந்தது. என் தோளில் கிடந்த துண்டை உருவி நனைத்து மேலே போர்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டி தண்ணீர் குடித்தது.

அச்சுமை தண்ணீரில் கரையாது. தாள் நல்ல தாளாக இருந்தால், பசை இளகி லேபிள் முழுசாக மேலே வந்துவிடும். இருபத்தைந்து வருடம் மிஷினில் நின்றவனுக்கு அது தெரியும். வந்துவிடு, வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றேன். ஆனால் அது பூச்சி அரித்த தாள். கூழாகத்தான் வந்தது. ஒரு சிவப்புத் துணுக்கு, ஒரு மஞ்சள் துணுக்கு, அப்புறம் வெறும் பழுப்புத் தண்ணீர்.

ஒரு மணி நேரம் கழித்து, ஊறிப்போன அட்டையை அவள் விரலால் விலக்கினாள். சாம்பல் நிற உருண்டைகள் தெரிந்தன. எண்ணவில்லை, நாற்பதுக்குக் குறையாது. எட்டிப் பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள். தகவல் போய்த் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் குத்தவைத்து உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார், வள்ளியைப் பார்த்தார். "எந்தக் கம்பெனிம்மா நீங்க?" என்று எழுந்து நின்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அருள்பிரகாஷ் சார் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். "அக்கா, உங்களைத் தப்பா பேசிட்டேன்" என்றார்.

"விடுங்க சார். அடுத்த சந்தையில நாங்க முந்திக்கிறோம். இவுகளுக்கு ஒரு சாம்பார்தான்."

வண்டி விருதுநகரைத் தாண்டியதும் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழுறியா?"

"ஆமா. நாலு வருசம்ல. அந்த மஞ்சக் கிளி எம்புட்டு அழகா இருந்துச்சு! நான் பாட்டுக்கு அழுதுட்டு வாறேன், நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

ஓட்டினேன். இவளையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. இவள் என் வண்டியில் உட்கார்ந்து வருகிறாள் என்று கர்வமாகவும் இருந்தது. கர்வம்தான் அதிகம்.

திருத்தங்கலில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுச் செல்லத்தாய் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என்ன குப்பையை அள்ளிக்கிட்டு வந்திருக்கா உங்க வீட்டுக்காரி?" மற்ற ஞாயிறுகளில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். இன்று வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்தினேன்.

"ஒண்ணும் கொண்டு வரலை தாயி. சந்தையில நின்ன அம்புட்டுப் பேரையும் கைகாலோட அவுக அவுக வீட்டுக்கு அனுப்பி வச்சிட்டு வந்திருக்கா."

"சத்தம் போடாதீக, உள்ள வாங்க" என்று வள்ளி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும் என்று நான் இன்னொரு தடவை சொன்னேன்.