புது ஆள்

“பேசறதுன்னா நீ பேசு, என்னை இழுக்காத. நான் பின்னால…”

“பின்னாலயே நின்னு நின்னுதாங்க இந்தக் கதிக்கு…”

“மெதுவா. அங்க ராமப்பன் நிக்கறான்.”

“நிக்கட்டும். அவன் காதுலயும் விழட்டும்.”

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம். வரிசையில் நின்றபடியே ஜெபசீலியும் புருஷன் இன்னாசிமுத்துவும் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டார்கள். மகள் ஃபெபா அம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே வந்த சர்க்கரை அவளுக்கு. மாத்திரைக்கு மசியாது, இன்சுலின் ஊசிதான் கதி.

இன்னாசிமுத்துவுக்கு மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. மிஷின் அதேதான், காண்ட்ராக்டர்தான் மாறிக்கொண்டே இருப்பார். மாறும்போதெல்லாம் யூனிஃபார்ம் சட்டை நிறம் மாறும், பழைய பேரை அடித்துவிட்டுப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். அந்தப் பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவரைக்கும் ஈ.எஸ்.ஐ. கார்டு வெறும் அட்டை. காட்டினாலும் காப்பீட்டு ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்காது. இவர்கள் சட்டை மாற்றி முடிக்கிறவரைக்கும் சர்க்கரை காத்துக்கொண்டிருக்குமா?

இந்தத் தடவை ஃபெபா யாரிடமும் சொல்லாமல் ஊசியில் மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொண்டாள், இன்னும் கொஞ்ச நாளைக்கு வரட்டுமே என்று. அவள் மூச்சில் அழுகின பழ வாடை அடித்தபோதுதான் பெற்றவளுக்கு உறைத்தது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி, உயிரை மீட்டது பெரும்பாடு. இப்போது புட்டியில் இருப்பது நாளையைத் தாண்டாது.

லைன் வீடுகளில் இதே மாதிரி இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களையெல்லாம் ஜெபசீலி கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். வருகிறேன் என்றவர்கள் விடிந்ததும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கிவிட்டது, பஸ் வராது என்றாள் ஒருத்தி. அவள் வீடு இவர்கள் வீட்டுக்குப் பின்சுவர்.

காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ராமப்பன் மட்டும் தவறாமல் வந்திருந்தான். “என்னண்ணே, இன்னிக்கு ஷிப்டு இங்கயா?” என்றான் சிரித்துக்கொண்டே. இன்னாசிமுத்துவும் சிரித்து வைத்தான்.

முறை வந்தது. சர்க்கரை என்றதுமே, சோற்றைக் குறைத்து நடக்கச் சொல்லுங்கள் என்றார் அதிகாரியம்மா. இது அந்தச் சர்க்கரை இல்லை, ஊசி நின்றால் உயிர் நிற்காது என்று ஜெபசீலி விளக்கினாள்.

“காண்ட்ராக்டர் மாறட்டுங்க மேடம். மருந்து நிக்கக் கூடாது. எம் பொண்ணுக்கு மட்டும் கேக்கலங்க. ஊசி போட்டு உசுரோட இருக்கற அத்தனை பேருக்கும் ஒரு வழி பண்ணுங்க.”

அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். அதற்குள் ராமப்பன் கும்பிட்டபடி முன்னால் வந்துவிட்டான்.

“மேடம், அவரு போன மாசம்தான் சேந்தாரு. புது ஆளு. பேரு ஏற நாளாகுமில்லைங்களா?”

பேனா நின்றது. எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று அவர் இன்னாசிமுத்துவையே கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் நாளைக்குக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் பேனா எழுதாது. அவன் ராமப்பனைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். சொல்லுங்க, சொல்லுங்க என்று ஜெபசீலியின் உதடு மட்டும் அசைந்தது.

அம்மாவின் தோளிலிருந்து ஃபெபா தலையைத் தூக்கினாள்.

“எனக்கு ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீங்க அந்த மிஷின்லதானேப்பா நின்னீங்க?”