என் பக்கத்து வரிகள்

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிரலில், வட்டு சம்பந்தப்பட்ட ஒரு மூலைக்கு நான்தான் பராமரிப்பாளர். நான் இருக்கும் செக் நகரமான ப்ர்னோவில் இந்தப் பதவியைச் சொன்னால் டிராமில் யாரும் எழுந்து இடம் கொடுக்க மாட்டார்கள். இருந்தாலும் எனக்குத் தலைக்கனம் உண்டு. அதிலும் மோதல் தீர்ப்பதில். நிரலின் இரண்டு கிளைகளில், அதாவது தனித்தனிப் பிரதிகளில், இரண்டு பேர் ஒரே வரிகளை மாற்றியிருந்தால், இணைக்கும்போது கணினி இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு நின்றுவிடும். பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம்.

இந்த முறை ஒரு கிளை என்னுடையது. மற்றது பக்கத்து மேஜை வெந்துலாவுடையது. லேப்டாப் தூங்கி எழும்போது வட்டில் தகவல் கெட்டுப்போகாமலிருக்க, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் எழுதியது. இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தலைமைப் பராமரிப்பாளர் இன்று மாலை வரைதான் ஏற்பார். தவறினால் அடுத்த பதிப்பு வரை அவள் காத்திருக்க வேண்டும்.

காலையில் இணைத்தேன். ஒரே இடத்தில் மோதல். ஆனால் கணினி என்னைக் கேட்கவில்லை. முன்பு தீர்த்தபடியே தீர்த்துவிட்டதாக ஒரு வரி போட்டது. பழைய தீர்ப்புகளை நினைவில் வைத்துத் திரும்பச் செய்யும் வசதி அது. என் தீர்ப்பென்றால் சரியாகத்தான் இருக்கும் என்று திறந்துகூடப் பார்க்காமல், கேண்டீனுக்குப் போய் ஸ்விச்கோவா என்ற மாட்டிறைச்சிக் குழம்பை ஒரு பிடி பிடித்தேன்.

திரும்பி வந்தால் வெந்துலாவின் சோதனை லேப்டாப் எழுந்திருக்காமல் கிடந்தது. அவள் சோதனையில்தான் கோளாறு என்று ஆரம்பித்து நீளமாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ரடிம், எழுப்புற இடத்துல என் வரி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உன்னுதுதான் இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. போன வாரம் ஒத்திகையாக இணைத்துப் பார்த்தபோது, அவள் என் வரிகளில் கை வைத்ததே பிடிக்காமல், அவள் பக்கத்தை மொத்தமாகத் தூக்கிப் போட்டிருந்தேன்.

"அது சும்மா ஒத்திகைக்குப் பண்ணது," என்றேன்.

"அதுக்கு எப்படித் தெரியும்? நீ எப்பவும் பண்றதுதானேன்னு நினைச்சிருக்கும்."

வெட்கமாக இருந்தது. கணினியின் அந்த நினைவை அழித்துவிட்டுக் கையாலேயே தீர்க்க உட்கார்ந்தேன். என்னுடையது திரை நிறைய; அவளுடையது ஆறே வரி. நியாயமாக இரண்டையும் பின்னிவிடலாம் என்று முயன்றால், அவள் வரிகள் இருக்கும்போது என்னுடையதற்கு அங்கே வேலையே இல்லை. இன்னும் உற்றுப் பார்த்தேன். வட்டைக் கெடுத்துக்கொண்டிருந்ததே என் வரிகள்தான். குளிர்காலம் முழுக்க அவள் துரத்திய பிழை நான் எழுதியது.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"டிசம்பர்லயே."

"சொல்லியிருக்கலாமே?"

"மெயில்ல ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் என் இங்கிலீஷத் திருத்தி அனுப்பினே."

என் வரிகளை அழித்தேன். லேப்டாப் தூங்கியது, எழுந்தது. அனுப்பும் முன், பிழையைக் கொண்டுவந்தது யார் என்று குறிப்பில் எழுத வேண்டும். உலகமே படிக்கும் அந்தக் குறிப்பில் என் பெயரை நானே எழுதி, வெந்துலாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தித் தந்தாள்.